இலவச சட்ட உதவி அலுவலகத்தில் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்றுவிட்டார்கள். இவர்களுக்குப் பணம் கொடுப்பது யார், மேலே யாரிடம் கேட்பது?

கீழ்வீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் இருக்கிறோம். எங்கள் மேல்மாடியில் ஒரு பெண், எச்4 விசாவில் (எச்1 வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தருவது) வந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு ஐ.டி.யில் நல்ல சம்பளம். போன மாதம் ஒரு ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வந்து என் கதவைத் தட்டினாள். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. இப்போது வேறொரு தோழி வீட்டில் இருக்கிறாள். கணவர் முந்திக்கொண்டு விவாகரத்துக்குப் போட்டுவிட்டார், குழந்தையையும் தன்னிடமே விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வக்கீல் இருக்கிறார். இவளிடம் இருந்தது ஒரே ஒரு டெபிட் கார்டு, அதையும் முடக்கியாயிற்று.

இலவச சட்ட உதவி தரும் அலுவலகத்துக்குப் போன் போட்டோம். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டோம். பிறகு ஒரு பெண் எடுத்து, "சிட்டிசனா, கிரீன் கார்டா?" என்றாள். இரண்டும் இல்லை. "வீட்டு வருமானம் எவ்வளவு?" இவளுக்குத் தெரிந்தது கணவரின் சம்பளம்தான், அதைச் சொன்னாள். "மன்னிக்கவும், உங்களுக்குத் தகுதி இல்லை." அவ்வளவுதான். பாட்டு ஓடிய நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசவில்லை.

என் சந்தேகங்கள்: இது அரசு அலுவலகமா? யார் பணத்தில் நடக்கிறது? முடியாது என்று சொன்னால் அதோடு முடிந்ததா? கோர்ட்டே ஒரு வக்கீலைப் போட்டுத் தராதா?

ஒற்றைச்சக்கரம்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சினிமாவில் பார்ப்பது குற்ற வழக்கு. ஜெயிலுக்குப் போகும் ஆபத்து இருந்தால், வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்று 1963 கிடியன் வழக்கில் தொடங்கி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடு காலி செய்வது, விவாகரத்து, குழந்தை, கடன் எல்லாம் சிவில், அங்கே அந்த உரிமை கிடையாது. 1981ல் லாசிட்டர் என்ற வழக்கு. ஒரு தாயிடமிருந்து பிள்ளையை நிரந்தரமாகப் பிரிக்கும் வழக்கிலேயே "எல்லோருக்கும் வக்கீல் தர வேண்டிய கட்டாயமில்லை, வழக்கைப் பொறுத்துப் பார்க்கலாம்" என்றுவிட்டார்கள். சில மாநிலங்களில் நிலைமை இதைவிடப் பரவாயில்லை. நியூயார்க் நகரம் 2017ல் வாடகை வீட்டு வழக்குகளுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டது. பொதுவாக நம்ப வேண்டாம். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு வக்கீலைப் பிடிப்பதுதான் வழி.

பேரேடு:

கீழ்வீட்டம்மா, மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். அந்தப் பெண்ணை நாளைக் காலையில் மறுபடி போன் போடச் சொல்லுங்கள். அவளுக்குச் சொன்ன இரண்டு காரணமும் தப்பு.

நான் வக்கீல் இல்லை. இப்படி ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் 19 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். வழக்கு நடத்துவது வக்கீல்கள் வேலை, அந்த வழக்கு யார் பணத்தில் நடந்தது, அந்தப் பணத்தில் நடக்கலாமா என்று பார்ப்பது என் வேலை. அதனால் விதிகளில் பாதி மனப்பாடம்.

முதலில் விசா. இந்த அலுவலகங்களில் பல லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக எல்.எஸ்.சி., தரும் பணத்தை வாங்குகின்றன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் பணத்தைப் பிரித்துத் தரும் தனி அமைப்பு அது. அந்தப் பணத்தை வாங்கினால் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள் என்று சில வகையினருக்குத்தான் உதவலாம். எச்1, எச்4 அதில் வராது. அதுவரை போனில் பேசிய பெண் சொன்னது சரி. ஆனால் எல்.எஸ்.சி. விதிகளில் இதைச் சொல்லும் அதே 1626ஆம் பகுதியில் ஒரு விலக்கு இருக்கிறது. இந்த நாட்டில் வீட்டுக்குள் அடி உதைக்கோ கடுங்கொடுமைக்கோ ஆளானவர் என்றால், என்ன விசா என்ற கேள்வியே இல்லை. விசா இல்லாவிட்டாலும் சரி. கொடுமையிலிருந்து தப்பிக்கவும், அதன் பாதிப்பைச் சரிசெய்யவும், இனி நடக்காமல் தடுக்கவும் வேண்டிய சட்ட உதவியைத் தரலாம். பாதுகாப்பு உத்தரவு, விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது எல்லாம் இதில் அடங்கும்.

அடுத்தது வருமானம். 1611ஆம் பகுதி. கொடுமை செய்தவருடைய சம்பளத்தையும் சொத்தையும் பாதிக்கப்பட்டவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவளும் குழந்தையும் மட்டும் என்றால் இரண்டு பேர் குடும்பம். 2025ல் இரண்டு பேருக்கு வறுமைக் கோடு 21,150 டாலர். வழக்கமான வரம்பு அதில் 125 சதவீதம், அதாவது 26,437 டாலர் சொச்சம். அவளுடைய வருமானமோ சைபர்.

போனில் பேசிய பெண்ணை நான் திட்ட மாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். படிவத்தின் முதல் பக்கத்தில் குடியுரிமை, வருமானம். "இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, யாருக்காவது பயந்துகொண்டு இருக்கிறீர்களா" என்ற கேள்வி மூன்றாம் பக்கத்தில். முதல் பக்கத்திலேயே கழிந்துபோகிறவர் மூன்றாம் பக்கத்துக்கு எங்கே வரப்போகிறார்? வருடக்கணக்கில் இப்படித்தான் ஓடியது. எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

அதைக் கண்டுபிடித்தது ஆடிட்டர் இல்லை. எங்கள் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு அம்மா. இந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நிர்வாகக் குழு உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு பேர் இந்த உதவியைப் பெறும் தகுதியுள்ள ஏழைகளாக இருக்க வேண்டும் என்பது விதி. 60 சதவீதம் வக்கீல்கள். கோட்டு போட்ட வக்கீல்கள் நடுவில் அந்த அம்மா நூல்பையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் பட்ஜெட் படித்துக்கொண்டிருக்கும்போது, "இந்தப் படிவத்தை நானே ஒரு தடவை நிரப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கம் எதற்கு மூன்றாம் பக்கமாக இருக்கிறது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தக் கேள்வி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

சரி, செய்ய வேண்டியது. போன் எடுத்ததும் முதல் வாக்கியத்திலேயே கொடுமையைச் சொல்ல வேண்டும். சம்பளம் கேட்டால் "என்னுடையது ஒன்றுமில்லை, கொடுமை செய்தவருடையதைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் போனிலேயே மூன்றாவது ஆளாக இணைப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். அப்படியும் முடியாது என்றால் "கிரீவன்ஸ் கொடுக்க வேண்டும், எப்படி?" என்று கேளுங்கள். உதவி மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்பது 1621ஆம் பகுதி. எக்ஸிக்யூட்டிவ் டைரக்டரையோ அவர் நியமித்தவரையோ பார்த்துப் பேசும் வாய்ப்பு தந்தாக வேண்டும், முடிந்தால் நிர்வாகக் குழுவில் ஒருவரையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விதியில் "தரலாம்" என்றுதான் இருக்கிறது, "தந்தே ஆக வேண்டும்" என்று இல்லை. கை நிறைய வழக்கு இருந்தால் அப்போதும் முடியாது என்று சொல்லக்கூடும். ஆனால் அது வேறு காரணம், அதை அவர்கள் வாயால் சொல்லட்டும். கூடவே தேசிய குடும்ப வன்முறை உதவி எண்ணையும் கூப்பிடுங்கள், 1-800-799-7233, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எல்.எஸ்.சி. பணம் வாங்காத அமைப்புகளும் சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் கிளினிக்குகளும் பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொல்வார்கள். அங்கே இந்த விசாக் கட்டுப்பாடே இல்லை.

மின்னல்வரி:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. பதினோரு வருடமாக எச்1ல் வரி கட்டுகிறேன். வீட்டுக்காரர் என் டெபாசிட்டை அமுக்கியபோது எனக்கு யாரும் உதவவில்லை. இப்படிக் கொட்டும் பணத்துக்குக் கணக்கு கேட்பவர் உண்டா? வக்கீல்கள் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஊழல் இல்லை என்றால் நம்புவதற்கு நான் குழந்தை இல்லை. அரசியல் வழக்கு போடத்தான் இந்தப் பணம் என்றும் கேள்விப்பட்டேன்.

பேரேடு:

மின்னல்வரி தம்பி, நல்ல கேள்விதான். என் 19 வருடத்தையும் தின்றது இந்தக் கேள்விதான்.

கொட்டும் பணம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். 2024ல் எல்.எஸ்.சி.க்குக் காங்கிரஸ் ஒதுக்கியது 56 கோடி டாலர். தகுதி வரம்புக்குள் வரும் ஏழைகள் ஏறத்தாழ 5 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்குப் பதினோரு டாலர் சொச்சம். 1981ல் ஒதுக்கியது 32 கோடி. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் 2024ன் 56 கோடி அன்றைக்குக் கொடுத்ததில் பாதி தேறும். 2022ல் எல்.எஸ்.சி. வெளியிட்ட ஆய்வுப்படி, வந்து கேட்பவர்களின் பிரச்சினைகளில் 49 சதவீதத்துக்கு இந்த அலுவலகங்களால் எந்த உதவியும் செய்ய முடிவதில்லை. கேட்கவே வராதவர்கள் தனி.

அரசியல் என்றீர்கள். அதில் பாதி உண்மை, ஆனால் நீங்கள் நினைக்கும் பாதி இல்லை. 1965லிருந்து வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இது நேரடியாக அரசின் கையில் இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பு விவசாயக் கூலிகளுக்காக வழக்கு மேல் வழக்கு போட்டது. அன்றைய கவர்னர் ரீகன் 1970 டிசம்பரில் அதன் மானியத்தையே தடுத்தார். வெளிமாநில நீதிபதிகள் மூன்று பேர் விசாரித்து, குற்றச்சாட்டுகளில் சாரமில்லை என்றார்கள். இப்படிக் கவர்னருக்கும் வெள்ளை மாளிகைக்கும் பணத்தின் மேல் நேரடிப் பிடி இருக்கக் கூடாது என்றுதான் தனிக் கார்ப்பரேஷன் வைத்தார்கள். நிக்சன் 1974 ஜூலை 25ல் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து அவரே வீட்டுக்குப் போனார். மேலே 11 பேர் கொண்ட குழு. ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும், ஒரே கட்சிக்காரர் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதே ரீகன் 1981ல் ஜனாதிபதியாக வந்ததும் ஒரு பைசா தர வேண்டாம் என்றார். காங்கிரஸ் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வருடம் நாலில் ஒரு பங்கை வெட்டிவிட்டது.

பெரிய கைவிலங்கு வந்தது 1996ல். பலர் சேர்ந்து போடும் கூட்டு வழக்கு நடத்தக் கூடாது, சட்டம் இயற்றுபவர்களிடம் போய்ப் பேசக் கூடாது, சிறையில் இருப்பவர் வழக்கைத் தொடக் கூடாது, தேர்தல் தொகுதி எல்லை, கருக்கலைப்பு பக்கமே போகக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், எல்.எஸ்.சி. பணத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. ஒரு டாலர் வாங்கினாலும், மற்றவர்கள் தரும் நன்கொடைக்கும் பெரும்பாலும் இதே தடை ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சில ஊர்களில் எல்.எஸ்.சி. பணமே வேண்டாம் என்று பக்கத்தில் வேறொரு அலுவலகம் தனியாக நடக்கும். அரசியல் வழக்கு போட ஆசைப்பட்டாலும் நாங்கள் எங்கே போடுவது?

அந்த மற்றப் பணத்தில் ஒன்று ஐயோல்டா. வழக்கை ஒப்படைத்தவருடைய பணத்தை வக்கீல் கொஞ்ச நாள் வங்கியில் வைத்திருப்பார் இல்லையா, அந்தச் சில்லறை வட்டியையெல்லாம் திரட்டிச் சட்ட உதவிக்குத் தருவது. 1981ல் புளோரிடா தொடங்கிவைத்தது. நல்ல யோசனைதான், ஆனால் காலநேரம் தெரியாத பணம். 2008ல் வீடுகள் ஜப்தியாகி ஜனங்கள் எங்கள் வாசலில் நின்றபோது வட்டி விகிதம் பாதாளத்துக்குப் போயிற்று, ஐயோல்டாவும் கூடவே போயிற்று. அந்த வருடம் நான் போட்ட பட்ஜெட்டை இப்போதும் திறந்து பார்க்க மனம் வராது.

இனி கணக்கு. வக்கீல்கள் ஒவ்வொருவரும் எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் என்று கால் மணிக்கு மேற்படாத துண்டுகளாக டைம்ஷீட் எழுத வேண்டும். வருடா வருடம் வெளி ஆடிட்டர். அவருடைய அறிக்கை எல்.எஸ்.சி.யின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குப் (போலீஸ் இல்லை, உள் கண்காணிப்பாளர்) போகும். அது போதாதென்று எல்.எஸ்.சி.யே ஆள் அனுப்பிக் கோப்புகளைப் பிரிக்கும். இவ்வளவும் வீண் என்று சொல்ல மாட்டேன். 2007ல் மத்திய அரசின் தணிக்கை அலுவலகமான ஜி.ஏ.ஓ. 14 அமைப்புகளுக்கு நேரில் போய்ப் பார்த்தபோது சில இடங்களில் ரசீது இல்லாத செலவு, ஊழியருக்கு வட்டியில்லாக் கடன், மதுபான பில் வரை கிடைத்தது. ஏழைகளுக்கு வந்த பணத்தில் பாட்டில் வாங்கியவனைப் பிடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் இன்னொரு காட்சியையும் சொல்கிறேன். நேரில் வரும் குடிமக்கள் ஒவ்வொருவரும் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக்காகப் போருக்குப் போனவர். அவரை வீட்டைவிட்டுக் காலி செய்யச் சொன்ன வழக்கில் எங்கள் பெண் வக்கீல் அலைந்து திரிந்து ஜெயித்தாள். சோதனைக்கு வந்தவர்கள் கோப்பைத் திறந்தார்கள். நடுங்கிய கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. அந்த வழக்கை நடந்த வழக்குகளின் எண்ணிக்கையிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் அதே வீட்டில்தான் இருக்கிறார், எங்கள் கணக்கில் மட்டும் இல்லை.

எனக்கு இருக்கும் கோபம் இதுதான் தம்பி. உள்ளே எடுத்துக்கொண்ட கோப்பை இவர்கள் வரிவரியாகப் பார்ப்பார்கள். திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் கோப்பே கிடையாது, அதனால் பார்க்கவும் ஒன்றுமில்லை. என் காலத்தில் வந்த எந்த ஆடிட்டரும் "போன வாரம் இல்லை என்று சொன்ன பத்துப் பேரைக் காட்டுங்கள், ஏன் சொன்னீர்கள்?" என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டது அந்த ஸ்வெட்டர் அம்மா ஒருத்திதான். மேல்வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததும் எந்தத் தணிக்கையிலும் வந்திருக்காது.

உங்கள் டெபாசிட்டுக்கு: தொகை சின்னது என்றால் ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட்டுக்கு வக்கீல் இல்லாமலே போகலாம், விசா கேட்க மாட்டார்கள். காலக்கெடு தாண்டாமல் இருந்தால் இப்போதும் போடலாம்.

மின்னல்வரி:

டெபாசிட் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பார்க்கிறேன். அந்தப் பெரியவர் விஷயம் அநியாயம்.

ஒற்றைச்சக்கரம்:

கொடுமை விலக்கு எனக்குத் தெரியாது. பணம் திரட்டச் சொன்னது அவசரப்பட்டு எழுதியது, ஆனாலும் ஒரு சின்னத் தொகை கையில் இருப்பது நல்லது. என் பங்கு உண்டு, தனியாகத் தகவல் அனுப்புகிறேன்.

கீழ்வீட்டுக்காரி:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மறுபடி போன் போட்டோம். இந்தத் தடவை நானும் ஸ்பீக்கரில் இருந்தேன். எடுத்தது அதே பெண், குரல் அடையாளம் தெரிந்தது. பேரேடு அக்கா சொன்ன மாதிரி முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "இப்போது நீங்கள் பேசுவதை யாராவது கேட்கிறார்களா, பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். வருமானம் வந்தபோது இவள் சைபர் என்றாள், அவள் அதையே எழுதிக்கொண்டாள். கிரீவன்ஸ் என்ற வார்த்தையை நான் ராத்திரி முழுக்கப் பயிற்சி பண்ணி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

இரண்டு நாளில் ஒரு பாராலீகல், அதாவது வக்கீலின் உதவியாளர், கூப்பிட்டார். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு முழுவதையும் எடுப்பார்களா என்று பார்த்த பிறகுதான் சொல்வார்களாம். பாதுகாப்பு உத்தரவுக்கு மனு போட மட்டும் நிச்சயம் உதவுவோம் என்றார். என்னென்ன கொண்டுபோக வேண்டும்? போலீஸில் சொன்னதில்லை, அதனால் ரிப்போர்ட் எதுவும் இல்லை. குழந்தையைக் கூட்டிப்போகலாமா, பார்த்துக்கொள்ள ஆளில்லை.

பேரேடு:

நல்ல செய்தி. கோர்ட்டிலிருந்து வந்த காகிதம் ஒன்றுவிடாமல், உறையோடு. உறையில் தேதி முத்திரை இருந்தால், பதில் போட வேண்டிய கெடுவைக் கணக்குப் பண்ண அது உதவலாம். பாஸ்போர்ட், விசாத் தாள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் சரி, அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லட்டும், எடுக்க வழி உண்டு. கார்டு முடக்கியதற்கு வங்கி அனுப்பிய தகவலை போனிலிருந்து அழிக்க வேண்டாம்.

போலீஸ் ரிப்போர்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை. நடந்ததை அவளே எழுதித் தரும் வாக்குமூலம் அந்த விலக்குக்கு ஆதாரமாகச் செல்லும். தமிழில் எழுதினாலும் எழுதட்டும், மொழிபெயர்ப்பு அவர்கள் பாடு. நீங்கள் கதவைத் திறந்த ராத்திரியைப் பற்றி நீங்களும் தேதி, நேரம் போட்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மறந்துபோகும் முன்னால், இன்றைக்கே.

குழந்தையைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். எங்கள் வரவேற்பறையில் ஒரு கிரேயான் டப்பா எப்போதும் இருக்கும். ஆறு டாலர். அதற்கும் ரசீது வைத்திருந்தேன்.